இடது விளக்கு

முப்பது, எண்பத்தைந்து, எண்பத்தாறு, எண்பத்தேழு. ஹெட்லைட்டுக்கு வாங்கிய ரிலேயின் நான்கு கால்களுக்கும் இப்படித்தான் எண் அடித்திருக்கிறார்கள். நான்கு கால்தானே, ஒன்று இரண்டு மூன்று நான்கு என்று அடித்திருந்தால் யாருக்கு என்ன நட்டம். முப்பதிலிருந்து எண்பத்தைந்துக்கு ஒரே தாவலாகத் தாவினால் இடையில் இருக்கும் ஐம்பத்து நான்கு எண்களும் எங்கே போயின. நேற்று பேட்டரி கடை தமீமிடம் இதைக் கேட்டேன். "ஒச்சண்ணே, வண்டிக்கு லைட்டு எரியணுமா, நம்பருக்கு வெளக்கம் வேணுமா" என்றான். கடையில் இன்னும் மூன்று பேர் நின்றார்கள், மூன்று பேரும் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. எந்தக் காலில் எந்த ஒயர் என்பதை மட்டும் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வாங்கி வந்துவிட்டேன். அந்தத் தாள் இப்போது ஜீப்பின் பானெட்டுக்குக் கீழே, ரேடியேட்டர் மேல், ஸ்பேனர் வைத்து அழுத்தியபடி இருக்கிறது. முப்பதுக்கு பேட்டரியிலிருந்து நேராக வரும் தடித்த சிவப்பு. எண்பத்தேழிலிருந்து விளக்குக்குப் போவது. மற்ற இரண்டும் ரிலேயை எழுப்புவதற்கு மட்டும். தமீம் சொன்னது எனக்குப் புரிந்துதான் இருக்கிறது. "இத்தன வருசமா பேட்டரில இருந்து கரண்டு சாவிக்கு வருது, சாவில இருந்து லைட்டு சுவிட்சு, அங்கிருந்து ஒங்க காலுக்குக் கீழ இருக்கற டிம் சுவிட்சு, அப்புறம் திரும்பி வண்டி மூக்குக்குப் போகுது. ஊரச் சுத்தி வர்றவன் களைச்சுப்போய்த்தான வருவான். இனிமே சுவிட்சு கூப்பிடறதோட சரி. கரண்டு பேட்டரில இருந்து நேரா போயிரும்." வீட்டுக்கு வந்து நூல் பிடித்து அளந்தேன். பழைய வழி பதினேழரை அடி. புது வழி ஐந்தே கால். அவன் இரவல் கொடுத்த மீட்டரை வைத்துப் பார்த்தேன். பேட்டரியில் பன்னிரண்டு புள்ளி ஆறு. விளக்கில் ஒன்பது புள்ளி ஏழு. இரண்டு புள்ளி ஒன்பது வழியிலேயே காணாமல் போயிருக்கிறது. அந்த இரண்டு புள்ளி ஒன்பது இருந்திருந்தால் வியாழக்கிழமை ஒன்பதாம் வளைவில் அந்தக் கட்டைச்சுவர் தெரிந்திருக்கும். தெரிந்திருக்குமா. தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். அதற்காகத்தான் ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி வெயிலில் இப்படிக் குனிந்துகொண்டிருக்கிறேன்.

வியாழக்கிழமை காலை ஐந்தேகாலுக்கு முந்தல் செக்போஸ்டைத் தாண்டினோம். பின்னால் ஆறும் ஆறும் எதிரெதிராக, பன்னிரண்டு பெண்கள், எல்லோரும் மலையுச்சியில் இருக்கும் மெட்டுக்கு மேலே ஏலக்காய் எஸ்டேட்டில் பழம் எடுக்கிறவர்கள். பதினேழு கொண்டை ஊசி வளைவு, எனக்கு ஒவ்வொன்றும் கை ரேகை மாதிரி. ஏழாவதில் மஞ்சு, அந்த வெள்ளை மூடுபனி, இறங்கியது. ஐப்பசியில் இறங்காமல் இருக்குமா, இருபத்தேழு வருடமாகப் பார்க்கிற மஞ்சுதான். எட்டாவது தாண்டினேன். ஒன்பதாவதில் ஸ்டியரிங்கை ஒடித்தபோது எதிரே இருப்பது ரோடா, மஞ்சா, சுவரா என்று ஒரு விநாடி எனக்குத் தெரியவில்லை. ஒரே ஒரு விநாடி. இடது பக்கப் படி சுவரில் உரசி, தகரம் கிழியும் சத்தம், யாருடைய தூக்குவாளியோ உருண்டு போய்க் கதவில் இடித்தது. நிறுத்தினேன். பன்னிரண்டு பேரில் ஒருத்தியும் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மெட்டு போய்ச் சேரும்வரை எட்டு வளைவும் பேச்சே இல்லை. வழக்கமாக எட்டு வளைவுக்குள் ஒரு குடும்பத்தைப் பிரித்துச் சேர்த்து வைத்துவிடுவார்கள். எல்லோரும் இறங்கிய பிறகு காமுத்தாய் மட்டும் என் பக்கம் வந்தாள். அவள்தான் கங்காணி, ஆள் சேர்ப்பது, நேரம் சொல்வது எல்லாம் அவள். "அண்ணே, கோவிச்சுக்கிராதீங்க. நாளைக்கும் நாளக்கழிச்சும் தவசி வண்டில போய்க்கிர்றோம். ஞாயித்துக்கெழம சாயங்காலம் வீட்டுக்கு வர்றேன். லைட்டுல கோளாறுன்னா சரி பண்ணிட்டுச் சொல்லுங்க, எப்பவும் போல வர்றோம். கண்ணுல கோளாறுன்னா அதையும் சொல்லிப்புடுங்க. ஒளிக்காம சொல்வீங்கன்னுதான் கேக்குறேன். எங்களுக்கும் பிள்ள குட்டி இருக்குல்ல." அவ்வளவுதான் சொன்னாள். குரலை உயர்த்தவில்லை. நான் "சரித்தா" என்றேன். லைட்டுதான் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது, ஆனால் எனக்கே தெரியாததை எப்படிச் சொல்வது.

ஆறு நுனி, இரண்டு ரிலே, ஒரு பியூஸ். புது ஒயரிங் செட்டைத் தரையில் சாக்கு விரித்துப் பரப்பி முதலில் எண்ணினேன். விளக்குகளுக்கு இரண்டு சாக்கெட். எர்த்துக்கு இரண்டு வளையம், ஒன்று வலது மட்கார்டுக்கு, ஒன்று இடதுக்கு. பேட்டரிக்கு ஒரு வளையம். பழைய சாக்கெட்டில் போய்ச் செருகிக்கொள்ள ஒரு பிளக். ஆறு. மறுபடி எண்ணினேன், ஆறு. பழைய சாக்கெட் இரண்டு இருக்கிறது, கூப்பிடுவதற்கு ஒன்றுதான் வேண்டும், மற்றது சும்மா கிடக்கும். சும்மா கிடப்பதை அப்படியே விடக்கூடாது, டேப் சுற்றி, ஒயரோடு சேர்த்துக் கட்ட வேண்டும், ஏழு சுற்று. ரேடியேட்டருக்குப் பக்கத்தில் போனால் சூட்டில் இளகும், ஆகவே நாலு விரல் தள்ளி. விசிறியிலிருந்து ஒரு சாண். பாதி வேலையில் வீருசின்னம்மாள் சொம்பில் மோர் கொண்டுவந்தாள். என் வீட்டுக்காரி, நாற்பத்தொரு வருடம். கடைசிப் பிள்ளை கல்யாணத்துக்கு எடுத்த புடவைக்கு நான் மூன்று கடை ஏறியதை இன்னும் சொல்லிக்கொண்டிருப்பவள். ஷெட்டின் நிலையில் சாய்ந்து நின்றாள். "குடல உருவி வெளிய போட்டாப்ல இருக்கு. திரும்ப உள்ள போகுமா" என்றாள். போகும் என்றேன். "தமீம் கடையில விட்டா ஒரு மணி நேரத்துல முடிச்சிருப்பான்ல." ஒரு மணி நேரத்தில் முடிப்பான், டேப் இரண்டு சுற்றுச் சுற்றுவான் என்றேன். "ஆமா, ரெண்டு சுத்துல எரியாதாக்கும்." எரியும், ஆனால் இரண்டு சுற்று இரண்டு மழைக்குத்தான் என்று சொல்ல வாயெடுத்து விட்டுவிட்டேன். அவள் கேட்டது டேப்பைப் பற்றி இல்லை. இடது பக்கம் நெளிந்த படியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுவரில் இடிப்பதற்கு முந்தின நாள் ராத்திரிச் சோற்றில் இருந்த ஈயை நான் சீரகம் என்று ஒதுக்கிவைத்ததை அவள் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் தட்டை மாற்றிக் கொடுத்தாள். சொல்லாமல் விட்டதுதான் எனக்கு உறைத்தது.

கடையில் விடாததற்குக் காரணம் டேப் இல்லை. எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். தமீம் ஒரு மணி நேரத்தில் மாட்டிக் கொடுத்து, கடைக்குள் இருட்டில் போட்டுக் காட்டி, எப்படிண்ணே என்று கேட்பான். அப்போது எனக்கு அது மங்கலாகத் தெரிந்தால் என்ன சொல்வது. பக்கத்தில் நிற்கிற மூன்று பேரும் "அடேங்கப்பா, பகலாட்டம் இருக்கு" என்பார்கள். எனக்கு மட்டும் அது பகலாக இல்லாவிட்டால். வலது கண் இரண்டு வருடம் முன்னால் கண் முகாமில் புரைக்கு ஆபரேஷன் செய்தது. பச்சைத் துணி கட்டி, வரிசையாக உட்காரவைத்து, முப்பத்தோராவது ஆள் நான். அது நன்றாக இருக்கிறது, புதுக்கண்ணாடி மாதிரி. இடதைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா "இது இன்னும் முத்தலைய்யா, முத்துனப்புறம் எடுப்போம்" என்றார். பழம் மாதிரி. முத்துகிறதா என்று தினமும் காலையில் இடதை மட்டும் திறந்து காலண்டரைப் பார்க்கிறேன். நான் எட்டாவது வரை படித்தவன், காலண்டரில் தேதிக்குக் கீழே உள்ள ராகுகாலம் வரை படிப்பேன். ராகுகாலம் தினமும் தெரிந்தது. ஆயுதபூசைக்குப் பிறகு ரோட்டில்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. மலையில் இருட்டு முன்பு இருந்ததைவிடக் கனமாகிவிட்டது போல. எதிரே வருகிற வண்டி போன பிறகு கருப்பு நெடுநேரம் நின்றது. முத்திவிட்டது என்று நினைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. காலண்டரில் மட்டும் இன்னும் ராகுகாலம் தெரிந்துகொண்டுதான் இருந்தது, ஆனால் பகல் வெளிச்சத்தில் தெரிவதை வைத்து மஞ்சில் தெரியும் என்று எப்படிச் சொல்ல முடியும். பன்னிரண்டு பேர். பன்னிரண்டு பேருக்கும் வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்று ஒரு நாள் வளைவுகளில் கணக்குப் போட்டிருக்கிறேன், இருபத்தொன்பது. கண்தான் என்றால் சாவியை வீருசின்னம்மாளிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிட வேண்டியதுதான். வெள்ளிக்கிழமை முடிவு செய்துவிட்டேன். முடிவு செய்து வைத்துக்கொண்டு ஒயரை மடித்துக் கட்டுகிறேன்.

நான்கேகாலுக்கு எல்லாம் முடிந்தது. முப்பதில் சிவப்பு, எண்பத்தேழில் விளக்கு, தாளை ஒருமுறை விரலால் ஓட்டிப் பார்த்தேன். ஜீப்பின் மூக்கு ஷெட் கதவைப் பார்த்து நிற்கிறது. இரட்டைக் கதவைச் சாத்தினேன். தகரத்தில் ஆணி ஓட்டைகள் வழியாக வெயில் பொட்டுப் பொட்டாக விழுந்தது, மற்றபடி இருட்டுதான். உட்கார்ந்து சாவி போட்டு சுவிட்சை இழுத்தேன். பானெட்டுக்குக் கீழே டிக் என்று ஒரு சத்தம். அவ்வளவு சின்னச் சத்தம், பல்லி சத்தம் மாதிரி. ரிலே எழுந்துவிட்டது. கதவில் வலது பக்கம் ஒரு வட்டம் விழுந்தது பாருங்கள், அந்த மாதிரி வெள்ளையை நான் இந்த வண்டியில் பார்த்ததே இல்லை. பழைய வெளிச்சம் மஞ்சள், நல்லெண்ணெய் மாதிரி. இது சுண்ணாம்பு. கதவில் துருவின் ஒவ்வொரு புள்ளியும் தெரிந்தது. அப்புறம் இடது பக்கம் பார்த்தேன். இடது பக்கம் நல்லெண்ணெயைவிட மோசம். சிவந்து, மங்கி, ஊதினால் அணைந்துவிடும்போல ஒரு வட்டம். இடது. இடது கண். ஒரு கண் மங்கினால் ஒரு விளக்கு மங்கலாகத் தெரியாது, இரண்டு கண்ணும் இரண்டு விளக்கையும்தான் பார்க்கும் என்பது எட்டாவது படிக்காதவனுக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் தெரிந்தது ஒரு பக்கம் இருந்தது, பயம் இன்னொரு பக்கம் இருந்தது, இரண்டும் பேசிக்கொள்ளவில்லை. கையை எடுத்து இடது கண்ணைப் பொத்தினேன். வலது கண்ணால் மட்டும் பார்த்தேன். முகாமில் எடுத்த நல்ல கண். இடது விளக்கு அப்போதும் மங்கலாகத்தான் இருந்தது. கையை மாற்றி வலதைப் பொத்தினேன். இடது கண்ணில் இரண்டு வட்டமும் ஓரம் பிசிறியது, ஆனால் வலது விளக்கு பிரகாசமாக, இடது மங்கலாக, அதே மாதிரி. மறுபடி மாற்றினேன். ஐந்து முறை மாற்றிப் பார்த்தேன். ஐந்திலும் மங்கியது விளக்குதான். சிரிப்பு வந்தது. பூட்டிய ஷெட்டுக்குள் ஒரு கிழவன் ஒற்றைக் கண்ணைப் பொத்திக்கொண்டு சிரிப்பதை யாராவது பார்த்தால் அதற்கும் ஒரு முகாமுக்குக் கூட்டிப்போவார்கள்.

சிரித்து முடித்த பிறகு, அப்படியானால் ஏன் என்று யோசித்தேன். பல்பு இரண்டும் ஒரே பெட்டியில் வந்தவை. மாற்றிப் போட்டேன், வலது பல்பை இடதில், இடதை வலதில். இடதுதான் மங்கியது. ஒயர் இரண்டும் ஒரே தடிமன். சாக்கெட்டைக் கழற்றி மாட்டினேன். மீட்டரை எடுத்தேன். வலது விளக்கில் பன்னிரண்டு புள்ளி இரண்டு. இடதில் எட்டு புள்ளி ஒன்பது. பழைய ஒயரைவிடக் குறைவு. மூன்று மணி நேரம் குனிந்து நிமிர்ந்து, ஏழு சுற்று டேப் சுற்றி, முன்னால் இருந்ததைவிடக் குறைவு. அப்போதுதான், கை தவறி என்றுதான் சொல்ல வேண்டும், மீட்டரின் கருப்பு முனையை விளக்கின் மைனஸில் வைப்பதற்குப் பதில் பேட்டரியின் மைனஸில் வைத்துவிட்டேன். சிவப்பு முனை இடது விளக்கிலேயே இருந்தது. மீட்டர் பன்னிரண்டு புள்ளி இரண்டு காட்டியது. எடுத்து விளக்கின் மைனஸில் வைத்தேன், எட்டு புள்ளி ஒன்பது. பேட்டரியில் வைத்தேன், பன்னிரண்டு புள்ளி இரண்டு. அப்படியென்றால் கரண்டு விளக்குவரை சேதாரமில்லாமல் வந்துவிட்டது. திரும்பிப் போகிற வழியில் எதுவோ பிடித்து நிறுத்துகிறது. மூன்று புள்ளி மூன்று. போகிற வழியை நூல் பிடித்து அளந்தவன் திரும்புகிற வழியை நினைக்கவே இல்லை. திரும்புகிற வழி அந்த எர்த் வளையம், வளையத்தைப் பிடித்திருக்கும் போல்ட், போல்ட் உட்கார்ந்திருக்கும் இடது மட்கார்டு, அங்கிருந்து வண்டித் தகரம் வழியாகவே பேட்டரி. வெறும் தகரம். தகரத்தில் என்ன கோளாறு இருக்கும் என்று குனிந்து பார்த்தேன். பச்சை. பளபளவென்று பச்சை. போன மாதம் ஆயுதபூசைக்கு நான் அடித்த பச்சை.

எல்லோரும் ஆயுதபூசைக்கு வண்டியைக் கழுவிச் சந்தனம் வைப்பார்கள், மிஞ்சிப்போனால் மேலே ஒரு கோட்டு அடிப்பார்கள். நான் அப்படி இல்லை. பானெட்டுக்குள் இருக்கும் போல்ட் ஒவ்வொன்றையும் கழற்றுவேன், முன்பக்கம் மட்டும் அறுபத்து நான்கு. மண்ணெண்ணெயில் ஊறவைத்து, துடைத்து, போல்ட் போகும் துளைக்குள்ளும் பிரஷ்ஷை விட்டு அடித்து, போல்ட்டின் மரையையும் பெயிண்டில் முக்கி எடுத்து, காய்ந்த பிறகு மாட்டுவேன். துருவுக்கு ஒரு குண்டூசி முனை இடம் கூட விடக்கூடாது என்பது என் எண்ணம். இருபத்தேழு ஆயுதபூசை. இன்னொரு ஜீப் ஓட்டும் தவசி ஒரு தடவை பார்த்துவிட்டு "மாமா, வண்டிக்கு அடிக்கிறீங்களா, பொண்ணுக்கு அலங்காரம் பண்றீங்களா" என்றான். எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருந்தது. பெயிண்டில் கரண்டு போகாது. வருடம் ஒரு கோட்டாக, கரண்டு திரும்பிப் போகிற கதவை நானே சாத்தி, சாத்தினதற்கு மேல் சாத்தி, அதற்கு மேல் பூசையும் போட்டிருக்கிறேன். வலது பக்கம் தப்பித்தது எப்படி என்றால் அங்கே பேட்டரி இருக்கிறது. ஆசிட் ஆவி பட்டு அந்தப் பக்கத்து பெயிண்ட் எப்போதும் உரிந்துவிடும். அதற்காக வருடா வருடம் பேட்டரியைத் திட்டியிருக்கிறேன். ஆயுதபூசைக்குப் பிறகு மலையில் இருட்டு கனத்ததும் இதனால்தான். கண் முத்தவில்லை. கோட்டு ஏறியிருக்கிறது. பிளேடை எடுத்து போல்ட் துளையைச் சுற்றி ஒரு ரூபாய் அளவுக்குச் சுரண்ட ஆரம்பித்தேன். பச்சை வந்தது, அதற்குக் கீழே இன்னொரு பச்சை. பிறகு சாம்பல், அது மகள் மங்கைக்குக் கல்யாணமான வருடம், ஜன்னலுக்கு வாங்கினதில் மிஞ்சியது. நீலம், மண் சரிந்து மெட்டு ரோடு நாற்பத்து மூன்று நாள் அடைத்துக் கிடந்த வருடம், வேலையில்லாமல் இரண்டு கோட்டு அடித்தேன். மறுபடி பச்சை. பத்தொன்பது வரை எண்ணினேன். அதற்குக் கீழே ஒன்றோடொன்று ஒட்டிப்போய்ப் பிரிக்க முடியவில்லை. விட்டுவிட்டேன். எண்ணாமல் விட்டதில் எனக்கு வருத்தமில்லை என்பதைக் கவனித்தேன். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். கடைசியில் தகரம் வந்தது. கன்னுக்குட்டியின் மூக்கு மாதிரி ஈரமாக, பளிச்சென்று, இத்தனை வருடத்தில் நான் பார்த்தேயிராத என் வண்டியின் சொந்த நிறம். போல்ட்டின் மரையையும் தேய்த்தேன். வளையத்தை வைத்து முறுக்கினேன். மீட்டர் வைத்தேன். பன்னிரண்டு புள்ளி இரண்டு.

ஆறேகாலுக்கு வெளிச்சம் இறங்கியது. கதவைத் திறந்து ஜீப்பைத் தெருவில் இறக்கி, தெருக்கோடியில் இருக்கும் பழைய பஞ்சு மில் சுவரைப் பார்த்து நிறுத்தினேன். நடந்து அளந்தேன், அறுபது எட்டு. வளைவில் நான் போகும் வேகத்துக்கு முப்பது எட்டில் தெரிந்தால் போதும், இருந்தாலும் அறுபது. சுவிட்சை இழுத்தேன். டிக். சுவர் எழுந்து நின்றது. அப்படித்தான் சொல்லத் தோன்றுகிறது, அதுவரை படுத்திருந்தது போல. சுவரில் "இங்கு மாடு கட்டாதே" என்று கரியால் எழுதியிருப்பது, அதற்குக் கீழே யாரோ மாடு படம் போட்டிருப்பது, எல்லாம் தெரிந்தது. எனக்கு உள்ளே பொங்கிக்கொண்டு வந்தது. உடனே அதை அடக்கினேன். இந்தத் தெருவில் முப்பது வருடம் இருக்கிறேன், அந்தச் சுவரில் என்ன எழுதியிருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். தெரிந்ததைப் படித்துவிட்டுத் தெரிகிறது என்று சொன்னால் அது ஒளிப்பதுதான். எனக்குத் தெரியாத ஒன்று அங்கே இருக்க வேண்டும். அதற்கு ஓர் ஆள் வேண்டும். வாசலைப் பார்த்தேன். வீருசின்னம்மாள் ஏற்கனவே வாசலில்தான் நின்றிருந்தாள், எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது. நாற்பத்தொரு வருடம் ஆன பிறகும் சில விஷயங்களைக் கேட்க வெட்கமாகத்தான் இருக்கிறது. "அந்தச் சுவத்துக்கிட்ட போயி நிக்கிறியா. கைவிரல நீட்டிக் காட்டு. எத்தனைன்னு நான் சொல்றேன்" என்றேன். அவள் சிரிக்கவில்லை. முந்தானையைச் செருகிக்கொண்டு நடந்தாள். அறுபது எட்டும் அவள் முதுகைப் பார்த்தேன், பின் கொசுவம் ஒரு பக்கம் இறங்கியிருந்தது, அதுவும் தெரிந்தது. பத்துத் தடவை என்று சொல்லியிருந்தேன். நாலு. ரெண்டு. அஞ்சு. இரண்டு கையையும் நீட்டினாள், ஏழு. ஒண்ணு. கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள், ஒண்ணுமில்ல என்று கத்தினேன். "சரித்தான், பூச்சியத்துக்கும் கண்ணு தெரியுது" என்று அங்கிருந்து பதில் வந்தது. பத்துக்குப் பத்து. வலது கண் மட்டும், பத்துக்குப் பத்து. இடது மட்டும் திறந்தபோது விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டின, மூன்றை நாலு என்றேன், நாலை அஞ்சு என்றேன். பத்துக்கு ஏழு. ஏழு என்று மனதில் எழுதிக்கொண்டேன். குறைத்தும் எழுதவில்லை, கூட்டியும் எழுதவில்லை. "முடிஞ்சுதா" என்று கேட்டாள். "கட்டிக்கிட்டு வந்த நாள்ல இருந்து இப்படி ஒரு தடவகூட என்னைய உத்துப் பாத்ததில்ல. இதுக்கு ஒரு ரிலே வேண்டியிருக்கு."

அவள் அங்கே நின்று சிரித்துக்கொண்டிருக்கும்போதே சுவரோரச் சந்திலிருந்து காமுத்தாய் வந்தாள். தனியாக வருவாள் என்று நினைத்திருந்தேன். பின்னாலேயே ஒவ்வொருத்தியாக வந்தார்கள், வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, எல்லோரும். நான் இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காமுத்தாய் அறுபது எட்டும் நடந்து என் பக்கம் வந்தாள். மற்றவர்கள் அங்கேயே நின்றார்கள். "என்னண்ணே, லைட்டா கண்ணா" என்றாள். நான் "ரெண்டும் இல்லத்தா, பெயிண்டு" என்றேன். பிறகு சொன்னேன். போல்ட் துளைக்குள் பிரஷ் விட்டது, மரையை முக்கியது, பத்தொன்பது கோட்டு எண்ணியது, சுவரடியில் விரல் காட்டச் சொன்னது, எல்லாம் சொன்னேன். ஒரே மூச்சில் நான் இவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை. "சுவத்துல இடிச்சது என் தப்புதான். லைட்ட நான்தான் கெடுத்திருக்கேன், நல்லா இருக்கணும்னு செஞ்சே கெடுத்திருக்கேன். இன்னொண்ணு. இடது கண்ணு தனியா பாத்தா பத்துக்கு ஏழுதான். ரெண்டும் சேந்தா பத்து. தையில ஆபரேசன் பண்ணிக்கிர்றேன். ஏழுங்கிறத ஒளிக்கல." அவள் வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கினாள். "பத்துக்கு ஏழா. எங்க எஸ்டேட்டு மேஸ்திரி ரெண்டு கண்ணையும் தொறந்து வச்சுக்கிட்டே பாதி மூட்டைய விட்டுர்றான்." அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள். "இருந்தாலும் நான் மட்டும் கேட்டுட்டுப் போனா, நெசமாத்தான் தெரியுதான்னு எல்லாரும் கேப்பாளுக. அக்கா ஒங்களுக்கு வீட்டுக்காரி, விரலக் காட்டிக் குடுத்துருவாக. இங்க இருந்தே எங்காளுகள எண்ணுங்க. நானும் போய் நிக்கிறேன்." போய் நின்றாள். வீருசின்னம்மாள் ஒதுங்கி இந்தப் பக்கம் வந்துவிட்டாள். நான் எண்ணினேன். மெதுவாக, இடமிருந்து வலம், பிறகு வலமிருந்து இடம். இரண்டு தடவையும் ஒரே எண்தான் வந்தது. "பதிமூணு" என்றேன்.

"பன்னெண்டு பேருதாண்ணே வந்தோம்" என்றாள் காமுத்தாய். குரலில் ஏமாற்றம் இருந்தது, எனக்காக வருத்தப்படுகிற ஏமாற்றம், அதுதான் தாங்கவில்லை. வேறு சமயமாக இருந்தால் நான் தலையைக் குனிந்துகொண்டு ஆமாம் பன்னெண்டுதான் என்றிருப்பேன். யாரையும் எதிர்த்து நின்று பழக்கமில்லை. மறுபடி எண்ணினேன். கண்ணைக் கசக்கவில்லை. பதின்மூன்று. எழுந்து நின்று, வண்டியின் மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தெரு முழுக்கக் கேட்கும்படிச் சொன்னேன், என் குரலா என்று எனக்கே தெரியவில்லை: "பதிமூணு. வலது கடைசில, மாடு படத்துக்கு முன்னால, அரக்குக் கலர் சேலை. கையில கம்பு. அது யாரு?" பன்னிரண்டு தலையும் திரும்பின. காமுத்தாய்தான் முதலில் பார்த்தாள். "ஏத்தே, நீ எதுக்கு வந்த?" என்றாள். வந்து நின்றது காமுத்தாயின் மாமியார். "லைட்டுப் போட்டுப் பாக்கப் போறாகன்னு சொன்னீக. நானும் பாக்க வந்தேன். நான் மட்டும் பாக்கக்கூடாதா" என்று அந்தம்மாள் கம்பைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வந்தாள். அதற்குள் எல்லோரும் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். எட்டு வளைவுக்குப் பேசாமல் வந்தவர்கள் எல்லாவற்றையும் சேர்த்துச் சிரித்தார்கள். "எங்க கண்ணுக்கே தப்புனது அண்ணன் கண்ணுக்குத் தப்பல, பாத்தீகளாடி" என்றாள் ஒருத்தி. "நாளைக்கு எத்தனை மணிக்குண்ணே" என்று காமுத்தாய் கேட்டாள். "நாலே முக்கால்" என்றேன். "அஞ்சுன்னு வைங்கண்ணே, சோறு வடிக்க வேணாமா" என்றாள். நாலே முக்கால் என்றேன். நெற்றியில் கை வைத்து வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு "சரி சரி, நாலே முக்கால், மொதல்ல அத அணைங்க, கண்ணு கூசுது" என்றாள். மற்றவர்களும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு "அணைங்கண்ணே, அணைங்கண்ணே" என்றார்கள். சுவிட்சில் என் கை இருந்தது. யாராவது ஒன்று சொன்னால் உடனே செய்துவிடுகிறவன் நான். இருந்தாலும் இன்னும் கொஞ்ச நேரம் எரியட்டும் என்று விட்டேன்.